மூன்று-ஏ

எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடி இல்லை.
லிஃப்டில் மூன்றுக்கு மேலே மூன்று-ஏ,
அதற்கு மேலே ஐந்து.
நான்கு என்றால் சீனக் காதுக்குச் சாவு என்று விழுமாம்.
ஆக, பதினோரு வருடமாக
இல்லாத ஒரு மாடிக்கு வாடகை கட்டுகிறேன்.
கரண்ட் பில் மட்டும் வழி தவறியதே இல்லை.

வேலையும் ஏறக்குறைய அந்த மாதிரிதான்.
பேரங்காடியின் அடித்தளத்தில் ஜன்னலற்ற அறை,
ஒரு மைக், ஒன்பது வாசல்.
தடுப்புக் கட்டை தூக்காதபோது
பொத்தானை அழுத்துகிறவர்களுக்கு நான் வெறும் குரல்.
அட்டையில் காசில்லை என்பார்கள்,
அட்டையே இல்லை என்பார்கள்,
மலாயில் அதட்டி, ஹொக்கியனில் கெஞ்சி.

இன்றைக்கு ஏழேகாலுக்கு
ஆறாம் வாசலில் ஒருவர் அழுத்தினார்.
கட்டை ஏற்கெனவே தூக்கித்தான் இருந்தது.
"போகலாம் சார்" என்றேன்.
"தெரியும்" என்றார்.
கொஞ்ச நேரம்
அவர் காரின் சிக்னல் டிக் டிக் என்று மட்டும் கேட்டது.
பிறகு, "சரி, நாளைக்குப் பார்ப்போம்."
நாளைக்கு எனக்கு லீவு.
அதை எந்த வாசல் வழியாக அவருக்குச் சொல்வது?

பஸ்ஸில், பக்கத்து சீட்டில் ஒரு பையன்.
மடியில் தண்ணீர்ப்பை, அதற்குள் ஒரே ஒரு மீன்.
ஜெலுத்தோங் சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும்
ஒரு நொடி முன்னாலேயே பையைத் தூக்கிப் பிடித்தான்.
டிரைவருக்குத் தெரியாத பள்ளங்கள்கூட
அவனுக்குத் தெரிந்திருந்தன.
மீன் எதையும் கவனிக்கவில்லை.

இறங்கினால், சூ மெங் கடைக்கு முன்னே
இரண்டு மோட்டார்கள் உரசி விழுந்து கிடந்தன.
யாருக்கும் அடியில்லை என்று உறுதியானதும்
கூட்டம் மொத்தமும் குனிந்து
நம்பர் பிளேட்டைப் படித்தது, நாளைய குலுக்கலுக்காக.
விழுந்தவரும் படித்தார், தன்னுடையதையே,
யாரோ ஒருவருடையதைப் போல.
பேனா இருந்தது, காகிதம் இல்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

லிஃப்டுக்குள் பூனை.
ரொஹானி வீட்டில் அதற்குப் பெயர் கோமெல்,
லிம் வீட்டில் ஆ ஹுவாட்.
நான் அதை எப்படியும் கூப்பிட்டதில்லை,
அதனாலோ என்னவோ என் காலோடுதான் ஒட்டும்.
மூன்று-ஏயில் கதவு திறந்ததும்
எனக்கு முன்னால் இறங்கிப் போனது,
எழுத்துக் கூட்டிப் படித்த மாதிரி.

லோகேந்திரனுக்கு இந்த மாதம் இரவு வேலை, பாயான் லெப்பாஸில்.
ஐஸ்பெட்டிக் கதவில் துண்டுச் சீட்டு:
பல்பு போச்சு. மாத்தல. முட்டை இருக்கு.
திருமணத்துக்கு முன் எனக்கு எழுதியவையெல்லாம்
நான்கு பக்கத்துக்குக் குறைந்ததில்லை.
ஆனால் இதை நம்பலாம்.
முட்டை இருந்தது.

இருட்டில் பொரித்து, இருட்டில் சாப்பிட்டு,
கை கழுவின பிறகுதான் ஞாபகம் வந்தது.
கடைசி இலக்கம் சோப்போடு போய்விட்டது.
ஒன்றா, ஏழா?
பாலத்தின் விளக்குகள் ஜன்னலில் வரிசையாக நின்றன.
எண்ணிப் பார்க்கவில்லை.

குப்பையைக் கொண்டுபோய்ப் போட இறங்கினேன்.
முழங்கை பட்டதா, நானேதான் அழுத்தினேனா,
லிஃப்டின் அவசர மணி அடித்தது.
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
அந்தத் துளைகளுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தான்.
தூக்கக் குரல், மலாயில்:
"எந்த மாடிக்கா?"
"மூன்று-ஏ."
தாள் புரட்டும் ஓசை.
"என் லிஸ்ட்டில் அப்படி ஒரு மாடி இல்லையேக்கா."
"தெரியும்" என்றேன்.

அவனும் வைக்கவில்லை, நானும் நகரவில்லை.
பையிலிருந்து ஏதோ
என் கால் விரலில் சொட்டிக்கொண்டிருந்தது.